அளவு சுருங்கலாம், உண்மை சுருங்கலாமா?

வயது வந்த மனிதனொருவன் மேசைமுன் குனிந்தமர்ந்து, மெல்லிய தூரிகை கொண்டு, ஒரு சாண் நீளமே உள்ள ஹெலிகாப்டருக்குச் சாயம் பூசிக்கொண்டிருப்பானாகில், காண்போர் அவனைப்பற்றி இருவிதமாகப் பேசுவர். "வேலையற்றவன் வேலை" என்பார் ஒரு சாரார். "பிள்ளை விளையாட்டு" என்பார் மற்றொரு சாரார். பிரிக்பீல்ட்ஸ் வீதியிலாயினும் கிள்ளான் தோட்டத்து லயத்திலாயினும் பேச்சு இதுவே. பறவாத, விலைபோகாத, வயிற்றுக்கு உதவாத இச்சிற்றுருவைச் செய்வதில் நன்மை தீமை என்னும் ஆராய்ச்சிக்கு இடமேது என்று கேட்கப்படுகிறது. இடமுண்டு என்பதே நமது துணிபு. அதனை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவதாக, விளையாட்டு என்னும் இழிசொல்லை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1878-ஆம் ஆண்டில் மில்டன் ரைட் என்னும் பாதிரியார் தம் சிறுவர் இருவருக்கு ஒரு விளையாட்டுப் பொருள் வாங்கிவந்தார். மூங்கிலும் தக்கையும் காகிதமும் சேர்ந்த சிறு ஹெலிகாப்டர் அது. முறுக்கிய ரப்பர் நாடாவே அதன் உயிர். அது கூரையை நோக்கி எழும்பியதைக் கண்ட பிள்ளைகள், உடைந்தபின் தாமே அதுபோற் செய்து பார்த்தனர். அச்சிறுவரே 1903-இல் விமானம் செலுத்திய ரைட் சகோதரர். கீவ் நகரத்தில் ரப்பர் நாடாவால் இயங்கும் ஹெலிகாப்டர் ஒன்றைச் சிறு வயதிற் செய்த ஈகோர் சிக்கோர்ஸ்கி, 1939-இல் மனிதனைச் சுமந்தெழும் ஹெலிகாப்டரை அமெரிக்காவில் எழுப்பிக் காட்டினார். ஆகவே பொம்மை முன்பிறந்தது, ஊர்தி பின்பிறந்தது. ரைட் சிறுவர் கைக்குப் பொம்மை வந்ததற்கு முந்திய 1877-ஆம் ஆண்டில்தான் ரப்பர்க் கன்றுகள் மலாயாவை வந்தடைந்தன. பிற்காலத்தில் அம்மரத்தைச் சீவிப் பாலெடுத்த கைகள் நம் முன்னோருடையவை. பாலெடுத்த கைக்கு, அப்பாலால் ஆகும் பொருளின் சூத்திரத்தை அறியும் உரிமை இல்லையென்று யார் சொல்ல முடியும்?

இவ்விடத்தில் நம்மவரிற் சிலர் எழுந்து, "சீவக சிந்தாமணியில் மயிற்பொறி உண்டே! சச்சந்தன் செய்வித்த பொறியேறி விசயை தப்பினாளே! அன்றே நாம் வானில் பறந்தோம்" என்று மார்தட்டுவர். திருத்தக்கதேவரின் கற்பனை பெரிது. அதனை யாம் வணங்குகிறோம். ஆனால் அப்பொறி எத்தனை முழம், எத்தனை சக்கரம், எவ்வளவு பாரம் என்று கணக்கெழுதிய ஏடு நம்மிடம் உண்டா? அளவில்லாத இடத்தில் ஆசை உண்டு, பொறி இல்லை. கவியின் கனவைத் தச்சனின் கணக்காக எண்ணி மகிழ்வது, கவிக்கும் பெருமையன்று, தச்சனுக்கும் பெருமையன்று.

சிற்றுரு செய்பவனோ கணக்கிலிருந்தே தொடங்குகிறான். நம் நாட்டு மக்கள் நன்கறிந்த நூரியை எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியில் கிளியினத்துப் பறவையின் பெயர் தாங்கிய இந்த சிக்கோர்ஸ்கி ஹெலிகாப்டர், அரச மலேசிய ஆகாயப் படையில் 1968 முதல் 2020 வரை தொண்டு செய்தது. சாலை செல்லாத சபா, சரவாக் உள்நாடுகளுக்குப் பண்டமும் படையும் கொண்டுசென்றது. வெள்ளத்திற் சிக்கியோரை மீட்டது. விபத்துகளில் வீரர் பலரின் உயிரையும் கொண்டது. அதன் மேற்சுழலியின் குறுக்களவு 62 அடி, இதழ்கள் ஐந்து. எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் 62 அடி சுமார் பத்தேகால் அங்குலமாகிறது. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிறான். இக்கணக்கில் ஒரு கடுமை உண்டு. ஒட்டிய இரு பாதிகளுக்கிடையே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், உண்மை யந்திரத்தில் அது ஏழு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பிளவாகும். அப்படிப்பட்ட யந்திரத்தில் நம் பிள்ளையை ஏற்றுவோமா? சிறியதில் நேரும் பிழை சிறிதன்று என்பதை இதைவிடத் தெளிவாக எந்த உபதேசி சொல்வார்?

வேலையின் முறையைப் பாருங்கள். விமானி அமரும் அறைக்கு முதலிற் சாயம் பூசவேண்டும். உடலின் இரு பாதிகளும் ஒட்டப்பட்டபின் அதிற் பெரும்பகுதி எவர் கண்ணுக்கும் தெரியாது. தெரியாதென்று அறிந்தும் பூசுகிறான். பிளவை மாப்பசையால் அடைத்து, உலர்ந்தபின் உப்புத்தாள் கொண்டு தேய்க்கிறான். அடிப்பூச்சு பூசியவுடன் மறைந்ததாக எண்ணிய கீறல்களெல்லாம் வெளிப்பட்டு அவனைப் பார்த்து நகைக்கின்றன, மறுபடியும் தேய்க்கிறான். ஒரே தடவையில் கனமாக அப்பினால் சாயம் வழியும்; நுண்ணிய வரிகள் மூழ்கிப்போகும். மெல்லியதாக மூன்று தடவை, ஒவ்வொன்றும் உலரக் காத்திருந்து பூசவேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. தரையில் ஓய்ந்து நிற்கும் ஹெலிகாப்டரின் இதழ்கள் தம் பாரத்தால் சற்றே தாழ்ந்து தொங்கும். பறக்கும்போது மேல்நோக்கி வளையும். நிற்பதாகச் செய்துவிட்டு இதழை நேராக வைப்பவன் பொய் சொன்னவனாவான். செந்தூல் ரயில்வே பட்டறை போன்ற இடங்களில் இரும்பு வார்க்கும் முன் மரத்தால் மாதிரியுருச் செய்தோர் இதனை நன்கறிவர். இரும்பு ஆறும்போது சுருங்குமாதலால் மாதிரியைச் சற்றே பெரிதாகச் செய்வர். அவர்கள் கையிற் பிறந்த மரமாதிரியிற் பிழையிருந்தால் ரயில் பிழைக்காது.

ஆயினும் கைச்சுத்தத்தை மட்டும் சொல்லி நிறுத்துவோமாகில் கடமையிற் பாதியே செய்தவராவோம். பெரிய கேள்வி இனிமேல்தான் வருகிறது. உருவத்தில் உண்மையாயிருந்து, வரலாற்றில் பொய்யாயிருக்கலாமா?

மலாயாவில் 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தை எண்ணிப் பாருங்கள். 1950-இல் டிராகன்ஃபிளை என்னும் சிறு ஹெலிகாப்டர்கள், காட்டிற் காயமுற்றோரை எடுத்துவருவதற்காக இங்கு வந்தன. அப்பிரிவே 1953-இல் 194-ஆம் படைப்பிரிவாகி, கோலாலம்பூரைத் தளமாகக் கொண்டு 1959 வரை இயங்கியது. நாட்கணக்காகத் தூக்குக்கட்டிலில் சுமந்துவர வேண்டிய மனிதனைச் சிறுபொழுதில் மருத்துவமனையிற் சேர்ப்பது உயிர்க்கொடை, ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில், காட்டுக்குள் இருந்த கெரில்லாக்களின் பயிர்களைக் கருக்குவதற்கு ஹெலிகாப்டர்களிலிருந்தே நஞ்சும் தெளிக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தோட்டத் தொழிலாளரும் கம்பிவேலிக்குள் ஒன்றுசேர்த்து வைக்கப்பட்டனர். முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்த நம் பெண்களுக்கு, தெளிக்கும் நஞ்சு இன்னதென்று எவரும் விளக்கவேண்டியதில்லை.

இப்போது டிராகன்ஃபிளையின் சிற்றுருவைச் செய்பவன் எதனைச் செய்வான்? காயமுற்றோரைச் சுமந்த ஊர்தி என்று எழுதி வைத்தால் அது மெய். நஞ்சு தெளித்த காலத்து ஊர்தி என்று எழுதி வைத்தால் அதுவும் மெய். ஒன்றை மட்டும் எழுதி மற்றொன்றை மறைத்தால், இரண்டு மெய்களில் ஒன்றைக்கொண்டு செய்த பொய்யாகும். "போர்க்கருவியைத் தொடவே கூடாது" என்பாரும் உளர். அவர்தம் கருணையை மதிக்கிறோம், முடிவை ஏற்கோம். கண்ணை மூடிக்கொள்வதால் கருவி அழிவதில்லை, நினைவுதான் அழிகிறது. "போர்க்கருவியே வீரம்" என்று பளபளப்பாகப் பூசி நிறுத்துவதோ அதனினும் தீது. வெயிலும் மழையும் வெளுக்கவைத்த பச்சையை வெளுத்ததாகவே பூசுகிறவன், புகை படிந்த இடத்தைக் கருமையாகவே விடுகிறவன், அவ்வூர்தி செய்த காரியத்தையும் அவ்வாறே எழுதிவைக்கக் கடமைப்பட்டவன். சிற்றுருவின் அடியில் வைக்கும் சிறு பலகையும் அவ்வேலையின் ஓர் உறுப்பே. அதில் ஆண்டு இருக்கட்டும். செய்த நன்மை இருக்கட்டும். செய்த தீமையும் இருக்கட்டும்.

தோழர்களே! கையால் செய்பவன் தாழ்ந்தவன், வாயால் சொல்பவன் உயர்ந்தவன் என்னும் நஞ்சு நம் சமூகத்தில் நெடுங்காலம் தெளிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆண்டுக்கொரு நாள் கருவிக்குப் பொட்டிட்டுப் பொரி படைக்கிறோம். மற்ற நாட்களில் அக்கருவியைப் பிடிப்பவனை வாசலில் நிறுத்துகிறோம். கருவியை வணங்குவதினும் அறிவது மேல். நம் ஆண்மக்கள் கையிலும் பெண்மக்கள் கையிலும் அளவுகோலையும் அரத்தையும் பசையையும் தூரிகையையும் கொடுங்கள். விலையுயர்ந்த பெட்டி வாங்க முடியாத வீட்டில் மூங்கிலும் அட்டையும் போதும். ரைட் சிறுவர்க்கு அதற்குமேல் இருந்ததில்லை. அவர்கள் செய்வது பறவாமற் போகலாம். ஆனால் எவரும் காணாத உட்புறத்தையும் செவ்வையாகச் செய்யவும், எவரும் கேளாத உண்மையையும் எழுதிவைக்கவும் பழகிய கை, நாளை கணக்கெழுதும்போதும், வாக்களிக்கும்போதும், பிறர்மேற் சாட்சி சொல்லும்போதும் எளிதில் வழுவாது.

பொருளை எத்தனை மடங்கு சுருக்கினாலும் குற்றமில்லை. உண்மையைச் சுருக்கும் உரிமை மட்டும் எந்தக் கைவினைஞனுக்கும் இல்லை.