வெட்கம் வேறு, குற்றம் வேறு

தான் செய்த ஒரு செயலுக்காக ஒருவன் வருந்துவதும், தான் இப்படிப்பட்டவனாக இருக்கிறேனே என்று வருந்துவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் தலை குனிகிறது. இரண்டிலும் பேச்சு நின்றுபோகிறது. ஆனால் முதலாவது குற்றவுணர்வு, இரண்டாவது வெட்கம். குற்றவுணர்வுக்கு ஒரு வழி இருக்கிறது. மன்னிப்புக் கேட்கலாம், பறித்ததைத் திருப்பிக் கொடுக்கலாம், இனிச் செய்வதில்லையென்று உறுதி கொள்ளலாம். வெட்கத்துக்கு அப்படியொரு வழியில்லை. திருப்பிக் கொடுப்பதற்கு எதுவுமே இல்லாதபோது மனிதன் தன்னையே இல்லாமலாக்கிவிட நினைக்கிறான்.

கட்டிளமைப் பருவத்திலிருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை யார் சொல்லிக்கொடுப்பது? வீட்டிலும் பாடசாலையிலும் நாம் பெரும்பாலும் இரண்டையும் குழப்பியே கற்பிக்கிறோம். 'நீ செய்தது பிழை' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'நீயே ஒரு பிழை' என்று சொல்லிவிடுகிறோம். சொல்லாமல் விட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வதன் மூலம் உணர்த்திவிடுகிறோம்.

ஆங்கிலத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வளர்ந்துவந்திருக்கும் ஒரு புனைவு வகை இக்கேள்வியை விடாப்பிடியாக எழுப்பி வந்திருக்கிறது. தன்பால் ஈர்ப்புக் கொண்ட அல்லது பிறப்பில் குறிக்கப்பட்ட பாலோடு தம்மைப் பொருத்திக்கொள்ள இயலாத பதின்வயதினரைப் பற்றி, பதின்வயதினருக்காகவே எழுதப்படும் நாவல்கள் இவை. நமது இலக்கிய உரையாடல்களில் இவை அபூர்வமாகவே பேசுபொருளாகின்றன. பேசப்பட்டாலும் ஆதரவா, எதிர்ப்பா என்ற இடத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இந்நாவல்கள் எதன்மீது தீர்ப்பு வழங்குகின்றன?

இவ்வகையின் முதல் நூலாகப் பொதுவாகக் கருதப்படுவது ஜோன் டொனோவன் எழுதி 1969இல் வெளிவந்த 'ஐ'ல் கெட் தெயர். இட் பெட்டர் பீ வேர்த் த ட்ரிப்' என்ற அமெரிக்க நாவலாகும். பாட்டியை இழந்து, நியூயோர்க்கில் மதுவுக்கு அடிமையான தாயிடம் வந்துசேரும் 13 வயதுச் சிறுவன் டேவி. அவனுக்குத் துணை ஒரு நாய்க்குட்டி. அவனுக்கும் ஒரு நண்பனுக்குமிடையில் நிகழும் முத்தத்தின் பின்னர் நாய் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறது. அம்மரணம் தனக்குக் கிடைத்த தண்டனையென்றே டேவி நம்புகிறான். ஆசிரியர் அப்படிச் சொல்லவில்லை. சிறுவன்தான் அப்படி நினைக்கிறான். முத்தத்துக்கும் வாகனத்துக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் வெட்கத்தில் ஊறிய மனம் காரணகாரியத்தைக் கேட்பதில்லை. உலகில் நிகழும் ஒவ்வொரு துயரத்தையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

பின்வந்த நாவல்கள் சில, சிறுவனின் அந்த நம்பிக்கையைத் தமது கதைப்பின்னலாகவே ஆக்கிக்கொண்டன. இஸபெல் ஹொலன்டின் 'த மேன் விதௌட் எ ஃபேஸ்' (1972) நாவலில் சிறுவனின் அன்புக்குரிய ஆசான் இறுதியில் இறந்துபோகிறார். சான்ட்ரா ஸ்கொபெடோனின் 'ட்ரையிங் ஹார்ட் டு ஹியர் யூ' (1974) நாவலில் காதலர்களான இரு இளைஞர்களில் ஒருவன் வாகன விபத்தில் இறக்கிறான். இவ்வாசிரியர்கள் கொடியவர்கள் அல்லர். பரிவோடுதான் எழுதினார்கள். ஆனால் தன்னைப் போன்ற ஒருவனைத் தேடி அந்தப் பக்கங்களுக்குள் வந்த பதின்வயது வாசகன் மீண்டும் மீண்டும் கண்டது ஒரு ஜனாஸாவைத்தான். யாருக்கும் தீங்கு செய்யாத ஒருவன் இறக்கிறான். அந்த இறப்பு நியாயத்தின் சாயலோடு வருகிறது. இங்கே தீர்ப்பு செயலின்மீது விழவில்லை, ஆளின்மீது விழுகிறது.

நான்சி கார்டனின் 'ஏனி ஒன் மை மைன்ட்' (1982) இந்த வழக்கத்தை மாற்றிய நாவல். நியூயோர்க்கில் லைசா, ஏனி என்ற இரு மாணவியர் காதல் கொள்கிறார்கள். இறுதியில் யாரும் இறப்பதில்லை. பிரிந்திருந்த இருவரும் மீண்டும் ஒருவரையொருவர் தேடிக்கொள்கிறார்கள். மகிழ்ச்சியான முடிவு என்பதற்காகவே இந்நாவல் பெரிதும் பேசப்படுகிறது. என்னைப் பொறுத்தவரை அதன் முக்கியத்துவம் வேறோரிடத்தில் இருக்கிறது. வெளியூர் சென்ற இரு ஆசிரியைகளின் வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு லைசாவிடம் ஒப்படைக்கப்படுகிறது. அந்த வீட்டைத் தானும் ஏனியும் தனித்திருக்கும் இடமாக அவள் பயன்படுத்திக்கொள்கிறாள். விடயம் வெளியே தெரியவரும்போது, ஒன்றாக வாழ்ந்துவந்த அவ்விரு ஆசிரியைகளின் வேலையும் பறிபோகிறது. லைசாவை வாட்டும் கேள்வி இதுதான். பிறர் தன்மீது வைத்த நம்பிக்கையை மீறியது பிழை. அதற்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் ஏனியை நேசித்தது? பாடசாலை நிருவாகம் இரண்டையும் ஒரே குற்றப்பத்திரிகையில் எழுதுகிறது. லைசா அவற்றைப் பிரித்தெடுக்கப் போராடுகிறாள். அந்தப் போராட்டமே நாவல்.

இந்நூலுக்கு நேர்ந்தது அதன் கதையையே ஒத்தது. 1993இல் அமெரிக்காவின் கன்ஸாஸ் சிட்டியில் இதன் பிரதியொன்று பகிரங்கமாக எரிக்கப்பட்டது. கன்ஸாஸ் மாநிலத்தின் ஒலேத்தா நகரில் பாடசாலை நூலகங்களிலிருந்து இது அகற்றப்பட்டது. மாணவர்களும் பெற்றோரும் நீதிமன்றம் சென்றார்கள். நூலிலுள்ள கருத்துகளோடு உடன்படாமை காரணமாகவே அது அகற்றப்பட்டதென்றும், அது அரசியலமைப்புக்கு முரணானதென்றும் 1995இல் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003இல், இளையோருக்கான எழுத்தில் நிலைத்த பங்களிப்புக்கு வழங்கப்படும் மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது நான்சி கார்டனுக்குக் கிடைத்தது.

இந்த வரிசையில் நமது மண்ணுக்குரிய நாவல் ஒன்றும் இருக்கிறது. கொழும்பில் பிறந்து, 1983 வன்செயலின் பின்னர் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஷியாம் செல்வதுரை 2005இல் இளையோருக்காக எழுதிய 'ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ'. அவரது 'ஃபனி போய்' (1994) நம்மில் பலர் அறிந்தது. இது அதைவிட அமைதியானது. கதை 1980ஆம் ஆண்டுக் கொழும்பில் நிகழ்கிறது. பெற்றோரை இழந்து இன்னொரு குடும்பத்தில் வளரும் 14 வயது அம்ரித், கனடாவிலிருந்து வரும் தன் மைத்துனன் நிரேஷின்மீது காதல் கொள்கிறான். தன் மனதில் நிகழ்வதற்குப் பெயரிட அவனிடம் சொல் இல்லை. அதேவேளை அவனது பாடசாலையில் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' ஒத்திகை நடைபெறுகிறது.

வெனிஸ் நகரத்துச் சோனகனின் அந்த நாடகம் இங்கு வெறும் அலங்காரமல்ல. ஒதெல்லோவை அழித்தது அவனது காதல் அல்ல, பொறாமை. நிரேஷின் கவனம் அவ்வீட்டுப் பெண்பிள்ளை மாலாவின் பக்கம் திரும்பும்போது அம்ரித்தும் அதே நோய்க்கு ஆளாகிறான். மழைக்காலக் கடலில் அவளை நீருக்குள் அமிழ்த்திவிடும் அளவுக்கு அது முற்றுகிறது. செல்வதுரை தன் நாயகனைத் தப்பவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அம்ரித் பிழை செய்தவன். ஒரு பெண்ணின் உயிருக்கு ஆபத்து விளைவித்தவன். அதற்காக அவன் வெதும்பத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குற்றம் நிரேஷை நேசித்ததிலிருந்து வேறாக நிற்கிறது. வெட்கத்தின் சேற்றிலிருந்து குற்றத்தைக் கழுவியெடுத்துத் தனியே வைத்துக்காட்டுகிறது நாவல். அவ்வாறு தனியே பார்த்தபின்பே ஒரு சிறுவனால் தன் குற்றத்துக்குப் பொறுப்பேற்க முடிகிறது. தன்னை முழுவதுமாக வெறுப்பவனால் எதற்கும் பொறுப்பேற்க முடியாது.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. இவ்வகை நாவல்களில் பலவீனமானவை தமது நாயகனை அப்பழுக்கற்றவனாக்கிவிடுகின்றன. உலகம் முழுவதும் தீயது, அவன் மட்டும் தூயவன். இதுவும் ஒருவகை அநியாயமே. பிழை செய்யும் தகுதியையே ஒருவனுக்கு மறுப்பது அவனை மனிதனாக ஏற்காமையாகும். இரக்கத்துக்குரிய பொருளாக ஆக்கப்பட்டவன் இன்னும் மனிதனாக ஆக்கப்படவில்லை.

வெட்கம் தனியாளோடு நிற்பதுமில்லை. அது குடும்பத்தின் சொத்தாகிறது. ஜூலி ஏன் பீற்றர்ஸின் 'லூனா' (2004), ஆணாகப் பிறந்தவளென்று உலகம் கருதும் ஒரு திருநங்கையின் கதையை அவளது தங்கையின் வாயிலாகச் சொல்கிறது. இரவில் மட்டும் தானாக வாழக்கூடிய அவளது இரகசியத்தைச் சுமந்தே தங்கையின் இளமை கழிகிறது. அதீபா ஜெய்கிர்தாரின் 'த ஹென்னா வோர்ஸ்' (2020) அயர்லாந்தில் வாழும் வங்காளதேச முஸ்லிம் குடும்பமொன்றின் கதை. மகள் நிஷாத் தன்னைப்பற்றிய உண்மையைச் சொல்கிறாள், பெற்றோரோ மௌனமாகிவிடுகிறார்கள். அடியோ, வீட்டைவிட்டுத் துரத்தலோ இல்லை. சமூகம் என்ன சொல்லும் என்ற அச்சத்தில் உறைந்த மௌனம் மட்டுமே. அந்த மௌனத்தின் எடையை நமது வீடுகளை அறிந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இங்கு நம்மவர் ஒருவர் நியாயமான ஆட்சேபனை ஒன்றை எழுப்பலாம். மார்க்கம் விலக்கியதாக நான் விசுவாசிக்கும் ஒன்றைப் பரிவோடு சித்திரிக்கும் நூலை என் பிள்ளையின் கையில் நான் ஏன் கொடுக்க வேண்டும்? இவ்வாட்சேபனையை ஏளனம் செய்வது நேர்மையாகாது. ஒரு செயலைப்பற்றிய மார்க்கத் தீர்ப்பை நாவல்கள் வழங்குவதுமில்லை, மாற்றுவதுமில்லை. அது அவற்றின் துறையுமல்ல. ஆனால் அத்தீர்ப்பில் உறுதியாக நிற்பவருக்கும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. எதையுமே செய்திராத, தன் மனம் போகும் திசையைக் கண்டு அஞ்சி ஒடுங்கியிருக்கும் 14 வயதுப் பிள்ளையை ஏளனம் செய்யும் உரிமையை எந்தத் தீர்ப்பு வழங்கியது? பிறரை ஏளனம் செய்வதையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் ஸூரா அல்-ஹுஜுராத் தெளிவாகத் தடுக்கிறது. பிறர் மானத்தை மறைத்துக் காப்பது நமது மரபில் உயர்ந்த பண்பு. செயலைப்பற்றிக் கண்டிப்பாக இருப்பவர்கள் இந்தக் கட்டளைகள் விடயத்திலும் அதே கண்டிப்பைக் காட்ட வேண்டும். வெட்கப்படுத்துதல் எந்தப் பிள்ளையையும் ஒழுக்கமுள்ளவனாக ஆக்குவதில்லை. பொய் சொல்பவனாக ஆக்குகிறது, சிலவேளை உயிரை மாய்த்துக்கொள்ளவும் தூண்டுகிறது.

வாசிக்காமல் வழங்கப்படும் தீர்ப்பின் கொடுமையை நாமும் அறிவோம். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தனது 'நவரசம்' தொகுப்பின் காரணமாக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டார். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலை. கவிதைகளைக் கவிதைகளாக வாசிக்கத் தெரியாதவர்களின் சந்தேகத்துக்கு ஓர் இளைஞனின் வாழ்வில் மூன்றரை ஆண்டுகள் விலையாயின. அவரது வழக்கும் ஒலேத்தா நூலக வழக்கும் ஒன்றல்ல. ஆனால் வாசிப்பை ஒப்புதலாகவும் எழுத்தைச் சதியாகவும் காணும் மனநிலை இரண்டுக்கும் பொதுவானது. அந்த மனநிலையால் காயப்பட்ட நாம் அதையே இன்னொருவர்மீது பிரயோகிக்கலாமா?

சட்டத்தின் பேச்சும் மெல்ல மாறிவருகிறது. தன்பாலுறவைக் குற்றமாகக் காணும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவுகளைத் திருத்த முன்வைக்கப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என 2023 மே மாதத்தில் இலங்கை உயர் நீதிமன்றம் முடிவுசெய்தது. ஆனால் சட்டம் மாறினாலும் வெட்கம் தானாக நீங்கிவிடாது. அது நீதிமன்றத்தின் எல்லைக்கு அப்பால், சாப்பாட்டு மேசையிலும் வகுப்பறையின் பின் வாங்கிலும் இருக்கிறது. அங்கே போய்ச் சேரக்கூடியது கதை மட்டுமே.

ஆகவே இந்நாவல்களில் கொண்டாடத்தக்கது எதுவென்று கேட்டால், மகிழ்ச்சியான முடிவுகளை நான் முதலில் சொல்லமாட்டேன். நாய் இறந்தது உன்னால் அல்ல என்று டேவிக்குச் சொல்ல அன்று அவன் அருகில் யாருமில்லை. கடலில் நீ செய்தது உன்னால்தான், ஆனால் உன் நேசம் அந்தக் குற்றமல்ல என்று அம்ரித்துக்குச் சொல்ல ஒரு நாவல் இருந்தது. 1969க்கும் 2005க்கும் இடையில் இவ்வெழுத்து கடந்துவந்த தூரம் அதுதான். இந்த இரு வாக்கியங்களையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒரு வாப்பாவோ உம்மாவோ ஆசிரியரோ கிடைக்கும்வரை, அப்படியொரு பிள்ளையின் கையில் ஒரு புத்தகமாவது இருக்கட்டும்.