பின்னிருக்கை

பறக்கக் கற்றுக்கொடுப்பவர்களை உருவாக்கும் பள்ளியொன்று தாம்பரம் விமானப்படைத் தளத்தில் உண்டு. 1948-இல் அம்பாலாவில் தொடங்கப்பெற்று, 1954-இல் இங்கு வந்தது. சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் வாழ்வோர் தலைக்குமேல் இரைந்து செல்லும் அந்தச் சிறு விமானங்களை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

அங்குப் பயில்வோர் அனைவரும் ஏற்கெனவே விமானம் ஓட்டத் தெரிந்தவர்களே. அவர்கள் கற்க வேண்டியது வேறொன்று: பிறர் செய்யும் பிழையை எதுவரை பொறுத்திருக்கலாம் என்பது. மாணவனின் கை தடுமாறியவுடன் ஆசிரியர் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக்கொண்டால் அவன் ஒருநாளும் கற்கமாட்டான். பொறுத்துக்கொண்டே இருந்தால் இருவரும் திரும்பமாட்டார்கள். 2023 டிசம்பர் 4 அன்று தெலங்கானாவின் மேடக் மாவட்டத்தில் பயிற்சி விமானம் விழுந்தபோது ஒரு பயிற்றுநரும் ஒரு பயிற்சி மாணவரும் இறந்தனர். காரணம் எதுவாயினும், இருவருக்கும் விமானம் ஒன்றே.

ஆகாயத்தில் மட்டுமன்று. ஜி.எஸ்.டி. சாலையில் 'எல்' பலகையுடன் ஊரும் காரில், கற்பிப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் அவ்வாறு பணிக்கின்றன. ஆனால் அந்த பிரேக் பின்னால் வரும் லாரியை நிறுத்தாது. குல்மார்க்கின் பனிச்சரிவில் சறுக்கக் கற்பிப்பவர், தடுமாறும் மாணவன் தம்மீதே மோதக்கூடும் என்று அறிந்தே நிற்கிறார். ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியரோ, தலைகீழாகச் சுழலும் சிறுவனின் எடையைத் தம் தோளிலும் மணிக்கட்டிலும் ஆண்டுக்கணக்காக வாங்கிக்கொள்கிறார்.

யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், கூலிக்கு மேய்ப்பவர் ஓநாயைக் கண்டதும் ஓடிவிடுகிறார். இவர்களும் கூலி பெறுகிறவர்களே. ஆயினும் இருக்கையை விட்டு அகல்வதில்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பே.

இந்த வியப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. நல்லாயன் என்று போற்றிய பிறகு கூலிக்கணக்குப் பேசுவது நமக்குக் கூச்சமாகி விடுகிறது. 'அர்ப்பணிப்பு' என்னும் சொல் எத்தனை மருத்துவச் செலவுகளை மூடி மறைத்திருக்கிறது! ஆசிரியர் ஆபத்தை மனமுவந்து ஏற்றார் என்பதால் அதன் விலையையும் அவரே தர வேண்டும் என்றாகுமா? ஆகாது என்பதே என் கருத்து. அவர் ஏற்றது மாணவனுக்காக. அந்த ஈகையால் நிர்வாகத்தின் கடன் தீராது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உழைப்பைப் பற்றி 1981-இல் எழுதிய சுற்றுமடலில், பணியிட விபத்துக்கான காப்பீட்டைத் தொழிலாளரின் உரிமைகளுள் ஒன்றாகவே வைக்கிறார்.

விமானப்படை அதிகாரிக்கு மருத்துவமனையும் ஓய்வூதியமும் உண்டு. மணிக்கணக்கில் ஊதியம் பெற்று நம் பள்ளிகளுக்கு வந்துபோகும் விளையாட்டுப் பயிற்றுநருக்கோ, தோள் விலகினால் அடுத்த வாரமே ஊதியம் நின்றுவிடும்; அவருடைய வகுப்புக்கு வேறொருவர் வந்துவிடுவார்.