களைத்த ஆசிரியரும் எலியாஸின் அப்பமும்



தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் அண்மையில் கண்ணீரோடு சொன்னார்: “சுவாமி, வீட்டுவேலை செய்யாமல் வந்த பிள்ளையை அடித்துவிட்டேன். அது காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது இரவில் எனக்குத் தூக்கமில்லை.”

அவரைக் குற்றவாளியாக்குமுன் சற்றுச் சிந்திப்போம். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் போகும் காலை பஸ்களில் ஏறி, இறங்கிய பின் தேயிலை மலைகளுக்கூடாக நடக்கும் ஆசிரியர் எத்தனை பேர்! தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1977 முதல் படிப்படியாகப் பொறுப்பேற்றது. முன்னேற்றம் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் 2015ஆம் ஆண்டளவில் ஆசிரியர் உதவியாளராகச் சேர்ந்த நம் இளைஞருக்கு மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாவே. பிறகுதான் அது 10,000 ஆயிற்று. 2021இல், கொரோனாக் காலத்தில், பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ கிராமத்தில் ஆசிரியையும் மாணவரும் இணையத் தொடர்பு தேடிக் காட்டுவழியே பாறை உச்சிக்கு ஏறினார்கள். பெறுபேறு குறைந்தாலோ, பழி முழுவதும் ஆசிரியருக்கே.

நாள்தோறும் சுமந்தால் மனமும் தளரும். தூக்கம் கெடும், சிறு பிழைக்கும் சினம் வரும், நேசித்த வகுப்பறையே கசக்கும். தீராத வேலைச்சுமையால் வரும் சோர்வு இது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் விளக்கியது. நாமோ இதைச் சோம்பல் என்கிறோம். சிலர் விசுவாசக் குறைவு என்றும் சொல்கிறோம்.

எலியாஸ் இறைவாக்கினரை நினைத்துப் பாருங்கள். ஆண்டவருக்காகப் பெரும் காரியங்கள் செய்தவர் அவர். அவரே பாலைவனத்தில் ஒரு செடியின் கீழ் விழுந்து, சாவைக் கேட்டு மன்றாடினார். ஆண்டவர் கண்டித்தாரா? இல்லை. தூங்கவிட்டார். தூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் தந்தார். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி உண்ணச் செய்தார். அதன் பின்னரே ஓரேப் மலைக்குப் பயணம். அங்கே, தான் தனித்துப்போனதாக அவர் முறையிட்டபோது, எலிசேயுவைத் துணையாகக் காட்டினார். முதலில் ஓய்வு, பிறகு அப்பம், பிறகு துணை: களைத்தவருக்கு ஆண்டவர் தந்த மருந்து இதுவே.

பெற்றோரே, அந்தத் தூதரின் வேலை இன்று நம்முடையது. பிள்ளைக்கு ஒரு ரொட்டித் துண்டாவது கொடுத்து அனுப்புங்கள். அது ஆசிரியரின் சுமையையும் குறைக்கும். முறைப்பாட்டுக்கு மாத்திரமன்றி, நன்றி சொல்லவும் பாடசாலைப் படியேறுங்கள்.

ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையை அருகழைத்து அன்பாகப் பேசுங்கள். உங்கள் பாரத்தை உடன் ஆசிரியரிடமோ பங்குக் குருவிடமோ திறந்து சொல்லுங்கள். மனம் மிகவும் இருண்டால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள். உதவி கேட்பது பாவமல்ல. எலியாஸும் கேட்டார், ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை.