கடற்கன்னி வேடமும் வாய்மையும்

பொய்யென யாவரும் அறிந்த ஒன்றை நடித்துக் காட்டுவோர் பொய்யராவரா? நாடகம் தோன்றிய காலந்தொட்டே எழுப்பப்பட்டுவரும் வினா இது. இரவு முழுவதும் வடமோடிக் கூத்திலே அருச்சுனனாக ஆடியவர் விடிந்ததும் வயலுக்குச் செல்வதை நம்மவர் எவரும் வஞ்சகம் என்று கூறுவதில்லை. களரி எது, வயல் எது என்பது ஆடுவோர்க்கும் காண்போர்க்கும் ஒருங்கே தெரியும். ஆனால், இவ்வெல்லைக்குள் எளிதில் அடங்காத வேடம் ஒன்று இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. இடைக்குக் கீழே மீன்வாலை மாட்டிக்கொண்டு நீரில் நீந்தும் கடற்கன்னி வேடமே அது. சிலருக்கு அது விடுமுறைநாட் பொழுதுபோக்கு. வேறு சிலருக்கு வயிற்றுப்பாட்டுக்கான தொழில். மேனாட்டாரின் விநோதங்களுள் ஒன்றென இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. வாவியிற் கேட்கும் ஓசையை மீன்மகளிரின் பாடலாகக் கண்ட மட்டக்களப்பையுடைய நாட்டவர்க்கு அது அழகாகுமோ என்பது ஒருபுறமிருக்க, வாய்மை பற்றிய சில கடினமான வினாக்கள் அவ்வாலுக்குள் ஒளிந்து கிடக்கின்றன.

கடற்கன்னியைக் காட்டிப் பணம் ஈட்டுவது புதிதன்று. 1842 இல் நியூ யோர்க் நகரிலே பி. ரி. பார்னம் என்பார் 'பீஜித் தீவுக் கடற்கன்னி' எனக் காட்சிக்கு வைத்தது குரங்கின் மேலுடலையும் மீனின் வாலையும் இணைத்த ஒரு பொருள். அதனை மெய்யென நம்பியோரின் காசு அவர் பையை நிரப்பிற்று. 1947 ஒக்ரோபர் 13 இல் புளோரிடாவின் வீக்கி வாச்சி ஊற்றில் நியூற்றன் பெரி தொடக்கிய காட்சியோ வேறுவகையானது. கடற்படையிலே நீரடி வீரருக்குப் பயிற்சி அளித்த அவர், நீர்மட்டத்திற்கு ஆறடி கீழே, பதினெட்டுப் பேர் அமரக்கூடிய அரங்கொன்றைச் சுண்ணாம்புக்கல்லிற் குடைந்து அமைத்தார். அங்கு நீந்திய பெண்கள் வளிக்குழாயை வாயில் வைத்து மூச்செடுத்துக் கொண்டனர். 2008 இல் அரச பூங்காவாகிய பின்னரும் அம்முறையே நிலைத்துள்ளது. கண்ணாடிக்கு இப்பால் இருப்போர் கண்முன்னேயே குழாய் வாய்க்குச் செல்கிறது, குமிழிகள் எழுகின்றன. பார்னம் தையலை மறைத்தார். இவர்கள் குழாயை மறைக்கவில்லை. ஆகவே, வளர்ந்தோரைப் பொறுத்தவரை இது கூத்துக்களரியே.

இடர்ப்பாடு குழந்தையோடு வருகிறது. 'நீங்கள் மெய்யான கடற்கன்னியா?' என்று கேட்கும் நான்கு வயதுக் குழந்தைக்குக் களரியின் எல்லை தெரியாது. 1797 இல் எழுதிய கட்டுரையொன்றில், நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடத்தும் பொய் கூறலாகாது என்று வாதிட்ட இமானுவல் கான்ற், இங்கு விதிவிலக்கு அளிப்பாரென எதிர்பார்ப்பதற்கில்லை. எவ்வுயிர்க்கும் தீங்கு விளைக்காத பேச்சினையே வாய்மையெனக் கொண்ட வள்ளுவரின் நோக்கு இவ்விடத்தில் அகன்றது. எனினும் தீங்கு யாது, அதனை அளப்பவர் யார் என்ற வினா அப்போதும் எஞ்சுகிறது.

நியூசிலாந்தில் நிகழ்ந்த ஒன்று இதற்கு ஒளி தருகிறது. இரு கால்களையும் இழந்த பெண்ணொருவரிடம் சிறுவன் ஒருவன் கால்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க, தாம் ஒரு கடற்கன்னி என்று அவர் விடையளித்தார். பின்னர் திரைப்படங்களுக்கு உருவங்கள் அமைக்கும் வீற்றா பட்டறையினர் 2009 இல் அவருக்கு நீந்தத்தக்க வாலொன்றைச் செய்துகொடுத்தனர். அவ்விடையை இழிந்த பொய் என்று கூற எனக்கு நா எழவில்லை. கேட்டவன் பிற்காலத்தில் உண்மையை அறியும்போது ஏமாற்றப்பட்டதாகச் சினங்கொள்வானா என்பதே ஏற்ற அளவுகோல் என எண்ணுகிறேன். பார்னத்தின் காட்சியைக் கண்டவன் சினங்கொள்வான். தன் காசு போயிற்று, தன் அறிவும் இகழப்பட்டது. அச்சிறுவனோ வளர்ந்தபின் அவ்விடையின் கருணையை உணர்வானேயன்றிச் சினக்கமாட்டான்.

இந்த அளவுகோலைக் குழந்தையிடமிருந்து எடுத்து வளர்ந்தோர்மீது வைத்துப் பார்க்கலாம். வீக்கி வாச்சி ஊற்றுநீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 23 பாகை செல்சியசு. சில நிமிடங்கள் நீந்துவோர்க்கு அது இதமாக இருக்கலாம்; நெடுநேரம் அதனுள் இருப்போரின் உடற்சூட்டை அது உறிஞ்சிவிடும். கண்மூடி அணிவதில்லையாதலால் எதிரில் உள்ளவை யாவும் மங்கலாகவே தெரியும். ஆழம் செவிப்பறையை அழுத்தும். இவற்றுக்கிடையே இதழில் முறுவல் குலையாதிருத்தல் வேண்டும். அன்டர்சன் 1837 இல் வெளியிட்ட கதையிலே கடற்கன்னி கால்களுக்காகத் தன் குரலை ஈடு கொடுத்தாள். இவர்களோ கால்களை மறைத்துக்கொண்டு, நீருக்கடியில் குரலும் இன்றி இருக்கின்றனர். 1983 இல் வெளியான நூலொன்றில், விமானப் பணிப்பெண்களின் புன்னகை கூலிக்கு விற்கப்படும் உழைப்பே என ஆர்லி ஹொக்ஷில்ட் என்னும் சமூகவியலாளர் காட்டினார். கடற்கன்னியின் புன்னகையும் அவ்வினத்தது. அத்துடன் மூச்சையும் அடக்கிச் செய்யப்படுவது. வால் பொய்யென்பது சீட்டு வாங்கியவனுக்குத் தெரியும். புன்னகையைப் பற்றி அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. பின்னொருநாள் அறியவரின் அவனுக்குத் தோன்றுவது சினமாக இராது, வெட்கமாகவே இருக்கும்.

அப்படியாயின் இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் எவ்வாறு? சிலிக்கோனாலான வால்களுட் சில 15 கிலோகிராமுக்கு மேற்பட்டவை. விலையும் ஆயிரக்கணக்கான டொலர். அணிந்தவர் தரையில் நடக்கவியலாது, பிறர் தூக்கியோ தள்ளுவண்டியில் வைத்தோதான் நீருக்குக் கொண்டுசெல்லவேண்டும். பிணைக்கப்பட்ட கால்களால் நேரக்கூடிய ஆபத்தை எண்ணிக் கனடாவின் எட்மன்ரன் நகரம் 2015 இல் தன் நீச்சற்றடாகங்களில் வால்களைத் தடைசெய்தது. இவ்வளவையும் பொருள்கொடுத்து ஏற்பவரை மடையரென்பார் உளர். ஆனால், குளிரும் மூச்சுமுட்டலும் அவருக்கும் தொழிலாளிக்கும் ஒன்றே. வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது.

அதனைக் காண மீண்டும் வீக்கி வாச்சிக்கே செல்லலாம். முன்னாளில் அங்கு பணியாற்றிய பெண்களிற் சிலர் 1997 இல் நடந்த ஐம்பதாண்டு நிறைவையொட்டி மீண்டும் நீரில் இறங்கினர். அறுபது வயதைக் கடந்தபின்னரும் அவ்வாறு வந்து நீந்தியோர் உளர். அதே ஊற்று, அதே குளிர், அதே முறுவல். இம்முறுவலைக் காண்பவன் வெட்கப்பட ஏதுமில்லை. ஏனெனில், காது வலித்தால் அம்மூதாட்டி மேலெழுந்து கரையேறிவிடலாம், அதனால் அவர் வீட்டு அடுப்பு அணையப்போவதில்லை. அதே வாரத்தில் அதே நீரிற் பணிபுரியும் இருபது வயதுப் பெண் அவ்வாறு கரையேறினால் அவளுக்கு என்ன நேரும் என்பதை, முன்வரிசையில் அமர்ந்திருப்பவன் ஒருமுறையேனும் கேட்டறிய வேண்டும்.