ஆளில்லாத் தீவில் அந்தோணியார்

காஞ்சிபுரத்து அத்திவரதரை 1979-இல் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். அப்போது எனக்கு ஆறு வயது. மறுபடி 2019-இல், ஜூலையில் சயனக் கோலம் ஒரு தரம், ஆகஸ்டில் நின்ற கோலம் ஒரு தரம். 48 நாள் முடிந்ததும் அனந்தசரஸ் குளத்துக்குள் வைத்துவிட்டார்கள். இனி 2059-இல்தான். நான் இருப்பேனா என்பது கிடக்கட்டும். தறிக்குழியில் காலை விட்டதும் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும்: பார்க்க ஆளில்லாத 40 வருஷமும் அந்த அத்தி மரத்துக்குள் சாமி இருக்கிறாரா, நாம் வெளியே எடுத்த பிறகு வந்து சேர்கிறாரா?

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தெருவுக்கொரு கோயில் உள்ள ஊரில் சாமி தனியாக இருப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

இந்தக் கேள்வியோடு இருந்தபோதுதான் ஒரு தவக்காலத்தில் ராமேஸ்வரத்து மீனவ நண்பர் ஒருவர் கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு அழைத்துப் போனார். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போய்விட்டாலும், விழாவுக்குப் போக நமக்குக் கடவுச்சீட்டு வேண்டாம். மொத்தம் 285 ஏக்கர். புதரும் மணலும்தான். ஒரு வீடில்லை, குடிக்கத் தண்ணீரில்லை. போகிறவர்கள்தான் கொண்டுபோக வேண்டும். சாயங்காலம் கொடியேற்றம், சிலுவைப் பாதை, இரவு தேர். இலங்கையின் நெடுந்தீவுப் பக்கத்து ஆட்களும் நம் ஆட்களும் தோளுரச நின்றோம். காலைத் திருப்பலி முடிந்ததும் எல்லாரும் படகைப் பார்த்து நடந்தார்கள்.

"நாம போயிட்டா அந்தோணியார் ஒண்டியாத்தானே இருப்பாரு? ஆளே இல்லாத இடத்துல எதுக்குக் கோயில்?" என்றேன் நண்பரிடம்.

"ஆளில்லைன்னு யாருண்ணே சொன்னது? இந்தக் கடல்ல தொழிலுக்குப் போறவன் ராத்திரியில எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவான்னு நினைக்கிறீங்க? வீடு கட்டினாத்தான் குடியிருக்கிறதா?"

நான் கணக்குப் போட்டது சாமி எங்கே இருக்கிறார் என்று. அவரோ ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதையே மாற்றிவிட்டார். குளத்தில் கிடக்கும் வரதரை நானும் காஞ்சியில் எந்த மூலையில் இருந்தாலும் அந்தத் திசையில் நினைக்காமலா இருக்கிறேன்? ஆனாலும் கேள்வி முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நினைக்கிற கடைசி ஆளும் போய்விட்டால்?

கேனில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. கொட்டப் போனேன். நண்பர் அதை வாங்கிக் கோயில் சுவரோரம் நிழலில் வைத்தார்.

"யாருக்குங்க?"

"யாராவது ஒதுங்குவான்ண்ணே. நம்ம ஆளோ, அந்தப் பக்கத்து ஆளோ."