சிரிக்கிறவன் எங்கே நிற்கிறான்?

தலித் எழுத்து என்றால் கண்ணீர்தான் என்று ஒரு முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தவர்கள் வெளியிலும் இருக்கிறார்கள், நம்மிலும் இருக்கிறார்கள். பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ ஒரு புத்தக விமர்சனக் கூட்டம் போட்டுப் பாருங்கள். கதையில் ஒரு சாவு, ஒரு குடிசை எரிப்பு, ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமை இருந்தால் சபை அடங்கி உட்கார்ந்து கேட்கும். அதே எழுத்தாளன், தன் தாத்தா சாராயம் குடித்துவிட்டு ஊர்த்தெருவில் போட்ட ஆட்டத்தைச் சிரிப்பாக எழுதியிருந்தால் உடனே ஒருத்தர் எழுந்துவிடுவார். "அவன்தான் ஏற்கெனவே நம்மளப் பாத்து சிரிச்சிக்கினு கீறானே, நாமளே வேற எடுத்துக் குடுக்கணுமா தோழர்?" என்று கேட்பார்.

இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு இலக்கியம் தெரியாது என்று தள்ளிவிட்டுப் போவது மேட்டிமைத்தனம். அவருக்கு வாழ்க்கை தெரிந்திருக்கிறது. கறுப்பாக இருப்பவன், பல் எடுப்பாக இருப்பவன், படிக்காதவன், கிழிந்த சட்டைக்காரன் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, உதைத்து உதைத்துச் சிரிப்பு மூட்டிய தமிழ் சினிமாவை அவர் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரன் சிரித்துவிட்டுத் தன் பக்கம் திரும்பியதையும் பார்த்திருக்கிறார். ஆக, கேள்வி நியாயமானது. ஒடுக்கப்பட்டவன் தன் துன்பத்தையும், தன் சனத்தில் எதற்கும் ஒத்துவராத குடிகாரனையும் கிறுக்கனையும் வம்புக்காரனையும் சிரிப்பாக எழுதலாமா? இது ரசனைப் பிரச்சினை மட்டும் இல்லை, அறப் பிரச்சினை.

முதலில் கண்ணீரின் கதையைப் பார்ப்போம். நம் துன்பத்தைப் படித்து அழுகிற மேல்சாதி வாசகன் கெட்டவன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அழுது முடித்தபின் அவனுக்கு ஓர் ஆசனம் கிடைத்துவிடுகிறது: இரக்கப்படுகிறவனின் ஆசனம். அதில் உட்கார்ந்துகொண்டு, அழுகிற தலித்தை நம்புவான், சிரிக்கிற தலித்தைச் சந்தேகப்படுவான். 'இவனுக்கு என்ன குறைச்சல், நல்லாத்தானே இருக்கான்' என்பான். அதாவது இருபத்து நான்கு மணி நேரமும் பாதிக்கப்பட்டவனாகவே நாம் அவன் முன்னால் நிற்க வேண்டும். இதுவும் ஒரு வகைக் கைகட்டி நிற்றல்தான்.

நம் தெருக்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. எழவு வீட்டில் ஒரு பக்கம் ஒப்பாரி, இன்னொரு பக்கம் பறையடி, அதற்கு ஓர் ஆட்டம், நடுவில் செத்தவனைப் பற்றியே கேலி. வயலில் நாற்று நடும் பெண்கள் ஆண்டையின் நடையை நடந்து காட்டிச் சிரித்ததை நம் அம்மாக்கள் சொல்வார்கள். இந்தச் சிரிப்பைத் தமிழ் எழுத்துக்குள் கொண்டுவந்தவர்களில் பாமா முக்கியமானவர். 'கருக்கு' 1992இல் வந்தபோது அதிலிருந்த வலியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். 1996இல் அவருடைய சிறுகதைத் தொகுப்பு வந்தது, பெயர் 'கிசும்புக்காரன்'. குறும்பு செய்கிறவன், வாய்த்துடுக்கானவன். ஊர்க்காரன் பார்வையில் அடங்காதவன். அந்த வார்த்தையைத் தலைப்பாக வைத்ததே ஒரு முடிவுதான்.

அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். 1993இல் 'தலித் பண்பாடு' எழுதிய ஆய்வாளர் அவர். 2002இல் 'சிலுவைராஜ் சரித்திரம்' என்ற நாவலை எழுதினார். அடுத்த ஆண்டே அதன் தொடர்ச்சி 'காலச்சுமை' வந்தது. 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது அஞ்சலி செலுத்திய பலரும் ஆய்வுகளைத்தான் பெரிதாகப் பேசினார்கள். எனக்கு சிலுவைராஜ்தான் பெரிசு. பயந்தாங்கொள்ளி, கூச்சக்காரன், படித்தவன், வேலையில்லாதவன். ஊரிலும் ஒட்டவில்லை, விடுதியிலும் ஒட்டவில்லை, சாமியார்களோடும் ஒட்டவில்லை, இலக்கியவாதிகளோடும் ஒட்டவில்லை. கதை சொல்கிறவர் அவனைக் கொஞ்சமும் காப்பாற்றுவதில்லை. அவனுடைய ஆசை, பொய், கோழைத்தனம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுச் சிரிக்கிறார். அது சுயசரிதை நாவல் என்பதால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பது தெரிந்ததுதான்.

அந்த நாவல் எங்கே போய் முடிகிறது? வேலை கிடைப்பதற்காக சிலுவைராஜ் இந்துவாக மாறுவதில். இது கற்பனைக் கோமாளித்தனம் இல்லை, சட்டம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருப்பவர்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்தைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சொன்னது. அது சொன்னதோடு நிற்கிறது. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்பது சர்க்காரின் வாதம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவப் பிணத்தையும் மற்றவர் பிணத்தையும் பிரித்து நின்ற சுவர் தமிழ்நாடே அறிந்த சுவர். செத்தவனுக்குச் சாதி உண்டு, சான்றிதழுக்குச் சாதி இல்லை. ஞானஸ்நானத் தண்ணீரில் போகாத சாதி, தாசில்தார் மையில் மட்டும் போய்விடுகிறது. இதைப் படித்து அழ முடியுமா? சிரிப்புதான் வரும். வயிறு எரிந்து வருகிற சிரிப்பு.

என் வாதம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. சிலுவைராஜ் பொருந்தாதவன் என்கிறோம். எதற்குப் பொருந்தாதவன்? ஒரு படிவத்திலுள்ள கட்டத்துக்கு. செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று பழமொழி கேட்கிறது. தறி என்கிறது சட்டம், தறித்துக்கொண்டு வருகிறான் சிலுவைராஜ். காலைப் பார்த்துச் சிரிப்பவன் ஒருவன், செருப்பைப் பார்த்துச் சிரிப்பவன் இன்னொருவன். இரண்டும் சிரிப்புதான். ஆனால் இருவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

இந்தச் செருப்பு நம் பக்கத்திலேயே நிறையக் கிடக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் குடியிருப்புகள் ஏராளம். செங்குன்றம் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் எத்தனையோ. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டுப் போனால், அப்பனுடைய சான்றிதழைக் கொண்டு வா என்கிறார்கள். அப்பனுக்கு ஏன் இல்லை? அவன் அப்பனுக்கு இல்லை. அந்தப் பாட்டனுக்கும் இதே பதில்தான் சொல்லியிருப்பார்கள்.

கும்மிடிப்பூண்டியில் ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றவர்கள் இன்னும் பதிவேட்டில் இலங்கைத் தமிழர். 2021இல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் குடியுரிமை வாங்கிக்கொண்டது, ஆள் வாங்கவில்லை. அதே ஆண்டுகளில் கடல் கடந்து பிரான்சுக்குப் போன ஷோபாசக்தி, 2001இல் 'கொரில்லா' நாவலை எழுதியபோது அதை ஓர் அகதி விண்ணப்பமாகத் தொடங்கினார். இயக்கத்திலும் பொருந்தாமல், ஊரிலும் பொருந்தாமல், பாரீசிலும் பொருந்தாமல் போன ஒருவன், தன் உயிருக்கு ஆபத்து இருந்தது உண்மைதான் என்று மனுப் போட்டு நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சிரிப்பும் ரத்தமும் ஒரே பக்கத்தில் வரும் நாவல் அது. சிலுவைராஜுக்குச் சாதிச் சான்றிதழ் என்றால் இவனுக்கு அகதிச் சான்றிதழ். நம் காலத்தில் வெளியே நிற்பவனின் இலக்கியம் மனு வடிவத்தில்தான் பிறக்கும் போலிருக்கிறது.

ஜி. நாகராஜனை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1974இல் வந்த 'நாளை மற்றுமொரு நாளே' நாவலின் கந்தன், பெண்களைத் தொழிலுக்குக் கூட்டிக் கொடுப்பவன். அவனுடைய ஒரே ஒரு நாள்தான் நாவல். நாகராஜன் கந்தனைத் திருத்த வரவில்லை, அவனுக்காக அழவும் இல்லை. அது அன்றைக்குப் பெரிய நேர்மை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த சிறுபத்திரிகைக் கூட்டம் விளிம்புநிலை என்பதை ஒரு ருசியாக்கிவிட்டது. வேசியும் திருடனும் பைத்தியமும் வராவிட்டால் அது இலக்கியமே இல்லை என்கிற அளவுக்குப் போனார்கள். ராத்திரி ஓரத்தில் நின்றுவிட்டு விடிந்ததும் அக்ரகாரத்துக்கோ பிள்ளைமார் தெருவுக்கோ திரும்ப முடிகிறவனுக்கு ஓரம் ஒரு சாகசம். நமக்கு அது விலாசம். நாகராஜன் சாகசக்காரர் இல்லை. தன் பிறப்பு கொடுத்ததையெல்லாம் இழந்து 1981இல் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் செத்தவர் அவர். அவரைக் கொண்டாடியவர்கள் பலர் பென்ஷனோடு இருந்தார்கள். பிழை அவர் எழுத்தில் இல்லை, அந்த எழுத்தைக் கதகதப்பான இடத்தில் உட்கார்ந்து ருசித்ததில் இருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சிரிப்பு கோபத்தை வடியவிட்டுவிடாதா? நம் வடக்குத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் இருக்கிறான். துரியோதனன் கிரீடத்தோடு ஆடும்போது பக்கத்தில் நின்று நம் பேச்சில் அவனைக் கிண்டலடிப்பான். ராசாவே கூசிப்போவான். சனம் விடிய விடியச் சிரிக்கும். விடிந்ததும் கட்டியக்காரன் வேஷம் கலைத்துவிட்டுக் கூலிக்குப் போவான், ஊரும் சேரியும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஓர் இரவு சிரித்துக்கொள்ள அனுமதி, மற்ற நாளெல்லாம் கும்பிடு. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் அழுகைக்கும் அதே கதிதானே? அழுதும் வடிந்துபோகலாம். கேள்வி வேறு. சிரித்த பிறகு, முன்னால் பெரிதாகத் தெரிந்தது எதுவாவது சின்னதாகிறதா? அயோத்திதாசர் 1907இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அதில் அவர் பிராமணரை 'வேஷ பிராமணர்' என்று எழுதினார். வேஷம் என்று ஒருதரம் சொல்லிவிட்டால் பூணூல் அப்புறம் நாடகச் சாமான்தான். அந்தக் கிண்டல் கோபத்தை வடியவிடவில்லை, ஓர் ஆராய்ச்சிக்கே அடிக்கல் போட்டது.

இனி நம் பக்கம் வருகிறேன். இதுதான் கசப்பான இடம்.

சிப்காட் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஷிப்ட் முடிந்து நிற்கும் நம் பசங்க பேச்சைக் கேட்டால் எந்த நாவலும் தோற்றுப்போகும். "பாஸ்ல ஒரு கம்பெனி பேரு, சட்டையில ஒரு கம்பெனி பேரு, சம்பளம் குடுக்கிறது மூணாவது ஆளு. உள்ள செத்தா மட்டும் எந்தக் கம்பெனியும் இல்லண்ணே, கேட்டுக்கு வெளியில செத்தவன்னு ஆயிடுவோம்" என்று ஒருத்தன் சொல்வான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இது செருப்பைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. காண்ட்ராக்ட் முறையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு சுருக்காகச் சொல்ல முடியாது.

ஐந்து நிமிஷம் கழித்து ஒடிசாக்காரனோ பீகாரியோ ஒருத்தன் பீடி வாங்க வருகிறான். இரும்பு உருக்கும் ஆலையில் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவன். பத்துக்குப் பத்து ரூமில் பத்துப் பேரோடு படுக்கிறவன். அவன் தமிழைப் பேசிக் காட்டுகிறார்கள், பான்பராக் பல்லைக் காட்டுகிறார்கள், 'வடக்கன்' என்கிறார்கள். அதே பசங்க, அதே சிரிப்பு, அதே டீக்கடை. அவனும் பெரும்பாலும் அவன் ஊர்ச் சேரியிலிருந்தோ ஆதிவாசிக் குடியிருப்பிலிருந்தோ வந்தவன் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. இருளன் வந்தாலும் இதே கதைதான். எலி பிடிப்பதை வைத்து ஒரு சொல், உடம்பு நாற்றத்தை வைத்து ஒரு சொல். நம் தாத்தாவைப் பார்த்து ஊர்க்காரன் சிரித்தது வார்த்தை மாறாமல் நம் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சாதி என்பது படிக்கட்டு என்று அம்பேத்கர் விளக்கினார். மேல் படியில் இருப்பவன் மீதுள்ள கோபம் கீழ்ப்படியில் இருப்பவன் மேல் இறங்குவதால்தான் அது இத்தனை காலம் உடையாமல் நிற்கிறது. சிரிப்பும் அதே படிக்கட்டில்தான் இறங்குகிறது.

ஆகவே கூட்டத்தில் எழுந்து கேட்ட அந்தத் தோழருக்கு என் பதில் இதுதான். நம் குடிகாரத் தாத்தாவைச் சிரிப்பாக எழுதுங்கள். அவர் ஏன் ஊர்த்தெருவில் போய் ஆடினார், சேரியில் ஏன் ஆடவில்லை என்பதும் அதில் இருக்கட்டும். அது இருந்தால் கூசப்போவது ஊர்த்தெரு. அது இல்லாமல் தள்ளாடும் காலை மட்டும் எழுதினால் அது பழைய சினிமா. எழுதுகிறவன் தலித் என்பதாலேயே அது மாறிவிடாது. எழுதுகிறவன் சிரிப்புக்குள் தன்னையும் நிறுத்துகிறானா என்பதையும் பார்க்க வேண்டும். ராஜ் கௌதமன் நிறுத்தினார். அதனால்தான் அவர் சாமியார்களையும் தோழர்களையும் பேராசிரியர்களையும் கிண்டல் செய்தபோது யாரும் வாய் திறக்க முடியவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைப் பற்றி இன்னும் ஒரு நல்ல நாவல் வரவேண்டியிருக்கிறது. வந்தால் அது கறுப்புச் சிரிப்பாகத்தான் வரும் என்று நினைக்கிறேன், வேறு எந்தக் குரலும் அந்த இடத்தைத் தாங்காது. அதில் நம் பையன் வருவான், முகாம் பையன் வருவான், இருளர் பெண் வருவாள். பீடி வாங்க வந்த ஒடிசாக்காரனும் வர வேண்டும். அவன் வாயிலும் ஒரு ஜோக் இருக்கும். அது நம்மைப் பற்றியதாக இருக்கலாம்.