கலீலின் தாய்

செல்ஜூக் பேரரசில் 'அதாபெக்' என்றொரு பதவி இருந்தது. துருக்கிய மொழியில் 'அதா' தந்தை, 'பெக்' தலைவர். சிறுவனான இளவரசனை ஒரு மாகாணத்துக்கு ஆளுநராக அனுப்பும்போது சுல்தான் கூடவே ஒரு தளபதியையும் அனுப்புவார். பையனை வளர்ப்பது, அவன் பெயரில் படையும் வரியும் நடத்துவது, எல்லாம் அந்த அதாபெக்கின் வேலை. பையனின் தந்தை இறந்துவிட்டால் அவன் தாயை அதாபெக்கே மணந்துகொள்வதும் உண்டு. டமாஸ்கஸில் துக்தெகின் அப்படித்தான் இளவரசர் துகாக்கின் தாயை மணந்தார். 1104இல் துகாக் இறந்ததும் நகரமே அவர் கைக்கு வந்தது.

பெறாதவருக்குத் 'தந்தை' என்பது பதவி. பெற்றவளுக்குத் 'தாய்' என்பது வெறும் உறவு. இப்படி எழுதி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஷஜர் அல்-துர் குறுக்கே வந்தார்.

அடிமையாக வாங்கப்பட்ட பெண் அவர். பின்பு எகிப்திய சுல்தான் ஸாலிஹ் அய்யூபின் மனைவி. 1249 நவம்பரில், ஒன்பதாம் லூயியின் சிலுவைப் படை நைல் கழிமுகத்தில் நின்றபோது சுல்தான் இறந்தார். ஷஜர் சாவை மறைத்தார். 'நோயுற்ற' சுல்தானின் பெயரால் ஆணைகள் வெளியாகிக்கொண்டே இருந்தன. பட்டத்துக்கு வந்த சுல்தானின் மகனை மம்லுக் வீரர்கள் கொன்றார்கள். 1250 மே மாதம் ஷஜரையே அரியணையில் அமர்த்தினார்கள். ஐபக் என்பவர் படைகளின் அதாபெக் ஆனார்.

ஆணைகளில் அவர் இட்ட கையொப்பம், 'கலீலின் தாய்'. கலீல் குழந்தையிலேயே இறந்துபோன மகன். நாணயத்திலும் அப்படித்தான்: முஸ்லிம்களின் அரசி, கலீலின் தாய். சொந்தப் பெயர் இல்லை.

எங்கள் தெருவில் என் அம்மாவை அண்ணன் பெயரைச் சொல்லி, அவன் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்காகப் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். ஷஜரையும் பெயரை விட்டுக்கொடுத்தவர் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அதாபெக்குகளும் ஒரு பிள்ளையின் பெயரை வைத்துத்தானே ஆண்டார்கள்? அதை நான் தந்திரம் என்றேன். இவர் செய்ததை ஏன் சரணாகதி என்கிறேன்? தீர்ப்பில் கோணல் என்னுடையது.

அதற்காக அவரை நம் முன்னோடி என்று கொண்டாடவும் முடியவில்லை. ஏறக்குறைய எண்பது நாளில் ஆட்சியை ஐபக்கிடம் விட்டு அவரையே மணந்தார். 1257இல் அவரைக் கொல்லச் செய்தார். ஐபக்கின் முதல் மனைவியுடைய அடிமைப் பெண்கள் ஷஜரை அடித்தே கொன்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அதுவும் எசமானியின் ஆணைதான்.